மத்தவன்

அந்த ஊரில் ஒரு குடும்பப் பெயர் உண்டு. எந்தக் காலத்திலோ இரும்பு அடித்தவர்களுக்கு வைத்த பெயர் என்பார்கள். இப்போது அந்தப் பெயர்க்காரர்களில் சுத்தியலைத் தொட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல் டாக்டர் ஒருவர், துணிக்கடை முதலாளி ஒருவர், நீதிபதி ஒருவர், அந்த நீதிபதி முன்னாலேயே சைக்கிள் திருடியதற்காகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஆள் ஒருவர் என்று எல்லாருக்கும் அதே பெயர்தான். திருடனின் பெயர் பேப்பரில் வந்த அன்று அந்தப் பெயருள்ள வீடுகளில் எல்லாம், "அது நம்ம ஆளு இல்ல" என்று சொல்லிக்கொண்டே டீ குடித்தார்கள். நீதிபதியின் பெயர் வந்த அன்று யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

குடும்பப் பெயர்தான் இப்படி என்றால், பிள்ளைக்கு வைக்கிற பெயருக்கும் அங்கே பஞ்சம். நாலைந்து பெயர்களையே மாற்றி மாற்றி வைத்தார்கள். அதனால் ஒரே தெருவில், ஒரே வருடம், ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத இரண்டு வீடுகளில் பிறந்த இரண்டு பையன்களுக்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பெயர் அமைந்தது.

ஒருவன் டைலரின் மகன். இன்னொருவன் மரக்கடைக்காரரின் மகன். முதல் வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுத்தபோது அந்தப் பெயரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றார்கள். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். மரக்கடை வீட்டுப் பையன் அந்த வயதிலேயே நெடுநெடுவென்று இருந்தான். அவனைக் காட்டி, "நீ அப்படியே இரு" என்றார். டைலர் மகன் பக்கம் திரும்பி, "நீ மத்தவன்" என்றார்.

வகுப்பு சிரித்தது. வாத்தியார் அதை அன்றே மறந்திருப்பார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா தெருவில் நின்று கூப்பிட்டால்கூட, "உன்னைத்தான் கூப்பிடறாங்களா, மத்தவனையா?" என்று மற்றப் பையன்கள் நெட்டையனிடம் கேட்பார்கள். சொந்த அம்மா கூப்பிடும்போதே தன் பெயர் அடுத்தவனுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த எரிச்சல் வளர்ந்தது. ஓட்டப் பந்தயத்தில் நெட்டையன் ஜெயித்தான்; மத்தவன் அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். நெட்டையனுக்குக் குரல் நன்றாக இருந்தது, பள்ளி விழாவில் பாடவிட்டார்கள். மத்தவன் திரை இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே திரை விழுந்துவிட்டது. கை வழுக்கிவிட்டதாகச் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. அதுவும் அவனுக்கு வருத்தம்தான். தன்னால் ஒரு கெட்ட காரியம்கூடச் செய்ய முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லையே.

வளர்ந்து இருவரும் ஒரே பஸ் டெப்போவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மத்தவன் கொஞ்சம் முன்னால் சேர்ந்து பெயின்டர் ஆனார். நெட்டையன் பின்னால் வந்து டிரைவர் ஆனார். பெயின்டரின் வேலை டெப்போவின் கடைசிக் கொட்டகையில். பஸ்ஸின் பழைய பெயின்டைச் சுரண்டி, பள்ளத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, கண்ணாடிகளுக்குப் பழைய பேப்பர் ஒட்டி மறைத்து, மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பெயின்ட் அடிப்பார். கடைசியாகப் பஸ்ஸின் நெற்றியில் எண்ணைக் கையாலேயே எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் புது பெயின்ட் அடித்த பஸ் ஊருக்குள் போகும்போது உள்ளே உட்கார்ந்து கை காட்டுவது டிரைவர்தானே.

பெயின்டரின் கல்யாணத்திலும் அந்தப் பெயர் புகுந்து விளையாடியது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி டெப்போ வாசல் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பெயரைச் சொன்னதும், "தங்கமான பையன், பாடினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் சந்தோஷமாகப் பேசி முடித்துவிட்டார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மனைவி, "ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று ஆசையாகக் கேட்டாள். புது மாப்பிள்ளை மனம் வைத்துப் பாடினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா பாடுவீங்கன்னு எங்கப்பா சொன்னாரே" என்றாள். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் விளங்கியது.

அவளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவருக்கு அது முள்ளாகித் தங்கிவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால்கூட, என்ன நினைக்கிறாள் என்று யோசிப்பார். பிறகு அவளுக்கும் அதே டெப்போவில், சீட்டுக்கு உறை தைக்கிற பிரிவில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு இன்னொரு சம்பளம் என்று ஊர் வாழ்த்தியது. இவர் கணக்கில், டிரைவர் தினமும் அவள் கண்ணில் படுவார், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் டிரைவரின் பஸ் மேட்டுச் சாலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நிறைய ஆட்கள். மனிதர் கத்தவில்லை, குதிக்கவில்லை; வண்டியை மெல்ல ஒடித்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. மறுநாள் பேப்பரில் பெயர் வந்தது. படம் வரவில்லை.

பெயின்டரின் தாய்மாமா வெளியூரில் இருந்து பழக்கூடையோடு வந்து இறங்கினார். வாசலிலேயே மருமகனைக் கட்டிப்பிடித்து, அக்கா இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று கண் கலங்கினார். பெயின்டர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அது தான் இல்லை என்றார். "அப்ப நீ இல்லையா?" என்று மாமா இரண்டு தரம் கேட்டார். பிறகு கூடையை ஒரு பார்வை பார்த்தார். திருப்பி எடுத்துப் போகவில்லை, நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பார்வையை மருமகன் பார்த்துவிட்டார். அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். ஒரு பங்கு டிரைவர் வீட்டுக்கும் போனது.

இப்படியே இருவருக்கும் காது ஓரம் நரைத்தபோது டெப்போ சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. செயலாளராக வெகுகாலம் இருந்தவர் ஸ்டோர்க்காரர். உதிரி பாகங்கள் வைக்கிற அறையின் சாவி அவர் இடுப்பிலும், சங்கத்தின் சாவி அவர் சட்டைப் பையிலும் இருந்தன. அவரை எதிர்த்து டிரைவர் நிற்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பியதும், ஸ்டோர்க்காரர் முதல் முறையாகக் கடைசிக் கொட்டகை வரைக்கும் நடந்து வந்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. சும்மா நின்னா போதும்."

"எதுக்குண்ணே?"

"அந்தப் பேரு அவனுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்திருக்கா? உனக்கும் அதானே பேரு. அவன் நிக்கலாம், நீ நிக்கக் கூடாதா?"

பெயின்டர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. ஒரே பெயரில் இருவர் நின்றால் ஓட்டு சிதறும், அதில் ஸ்டோர்க்காரர் குளிர்காய்வார் என்பது அவருக்கு உடனே புரிந்தது. புரிந்தும், நாக்கில் சர்க்கரை வைத்தது போல இருந்தது. இத்தனை காலம் அந்த ஆள் நிழலில் இவர் நின்றார். ஒரே ஒரு தடவை இவர் நிழல் அந்த ஆள் மேல் விழட்டுமே. சரி என்றார்.

மனைவியிடம் சாயங்காலம் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு நிக்கிறீங்க?"

"ஏன், நான் நிக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு யாரு சொன்னா? எதுக்குன்னுதான் கேட்டேன்."

அவர் ஏதோ நினைவு வந்ததுபோலக் கொல்லைப்புறம் போய்விட்டார்.

சின்னம் கொடுக்கிற நாளில் ஒரு சின்னத் தகராறு. டிரைவருக்கு ஸ்டியரிங் கிடைத்திருந்தது. டயரை வாங்கிக்கொள் என்று ஸ்டோர்க்காரர் இவர் காதில் சொன்னார். இரண்டும் வட்டம், பாதிப் பேர் குழம்புவார்கள். பெயின்டர் முடியாது என்றுவிட்டார். பிரஷ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தனக்கு விழுகிற ஓட்டு தனக்கென்றே தெரிந்து விழ வேண்டும் என்று ஒரு வீம்பு. வாக்குச் சீட்டில் வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி பெயர் போட்டார்கள். அதனால் இவர் பெயர் மேலேயும், அதே பெயர் மறுபடி டிரைவருக்காகக் கீழேயும் வந்தன. மாதிரிச் சீட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

அதன் பிறகுதான் அவருக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பிரிவாகப் போனார். முதலில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றார். ஆட்கள் தங்கள் குறையைச் சொன்னார்கள். பதில் தெரியாததால் கேட்டுக்கொண்டே இருந்தார். வெல்டர்களுக்குத் தீப்பொறி படாமல் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி தேய்ந்துபோயிருந்தது. பஸ் கழுவுகிற அக்காவுக்கு, சோப்புத் தண்ணீரிலேயே ஊறி ஊறிக் கை வெடித்திருந்தது. கையுறை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாகச் சொன்னாள். இவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பெயின்ட் கரைக்கிற தின்னர் பட்டு வெடித்த தன் கையையும் காட்டினார். டெப்போ வாசலில் போட்ட கூட்டத்தில் பேசச் சொன்னபோது முதலில் வாய் குழறியது. பிறகு அந்தக் கையைப் பற்றிச் சொல்லி, கையுறை வாங்கித் தருவேன் என்றார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. வாழ்க்கையில் அவர் பேசி அத்தனை பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும்போது நடையே மாறிவிட்டது.

ஸ்டோர்க்காரருக்குத்தான் கலக்கம். ஓரமாக அழைத்துப்போய், "உன்னை நிக்கத்தானே சொன்னேன், ஏன் ஓடறே?" என்றார்.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவரே கொட்டகைக்கு வந்தார். பெயின்டர் ஏணியில் நின்று எண் எழுதிக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. திட்டுவான், திட்டட்டும் என்று காத்திருந்தார். என்னென்ன பதில் சொல்வது என்று மனதில் வரிசையாக வைத்திருந்தார்.

"நீ நிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் டிரைவர். "யாரு நிக்க வச்சாங்கன்னு ஊருக்கே தெரியும். ஆனா என்மேல உனக்கு ஏதாவது கோபமா? நான் ஏதாவது பண்ணிட்டனா?"

பெயின்டர் எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"சத்தியமா தெரியல. சின்ன வயசுல இருந்து பக்கத்துலயே இருக்கோம். உன்னைப் பத்தி நான் ஒரு நாளும் தப்பா நினைச்சதில்ல. உண்மையைச் சொன்னா, உன்னைப் பத்தி நினைச்சதே இல்ல."

டிரைவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் செருப்பால் அடித்திருந்தால்கூட பெயின்டருக்கு அத்தனை வலித்திருக்காது. ராத்திரி பகல் பாராமல் ஒருத்தனைச் சுமந்து திரிந்திருக்கிறோம். அவனோ நம்மை ஒரு துரும்பாகக்கூடச் சுமக்கவில்லை. பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் வழிந்து எண்ணின் வால் நீண்டுவிட்டது. டிரைவர் போன பிறகு அதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார்.

தேர்தல் முடிந்தது. ஸ்டோர்க்காரர் மயிரிழையில் ஜெயித்தார். டிரைவர் தோற்றார். பெயின்டருக்கு விழுந்த ஓட்டு அதிகமில்லை; ஆனால் அந்த இடைவெளியை நிரப்பி மிஞ்சுகிற அளவுக்கு இருந்தது.

டெப்போவே அவரிடம் முகம் கொடுக்கவில்லை. ஸ்டோர்க்காரர்கூட மாலையோடு எதிரில் வந்தபோது வேறு யாரையோ பார்ப்பதுபோலப் போனார். பெயின்டருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் மண்டையில் குடைந்தது வேறு. எனக்கு விழுந்ததில் எது என் ஓட்டு? பெயரை மட்டும் பார்த்துவிட்டு மேலே இருந்ததில் குத்தியவர்கள் எத்தனை பேர், பிரஷ்ஷைப் பார்த்துக் குத்தியவர்கள் எத்தனை பேர்?

விடை தானாகவே வர ஆரம்பித்தது. ஒரு வெல்டர் வந்து, மூக்குக்கண்ணாடி போடாமல் ஓட்டுப் போடப் போனது என் தப்பு, தெரியாமல் உனக்குக் குத்தித் தொலைத்தேன் என்று திட்டினார். அடுத்த நாள் ஒரு கண்டக்டர். பிறகு டயர் பிரிவில் இரண்டு பேர். வந்து திட்டுகிற ஒவ்வொருவரோடும் அவர் மனக்கணக்கில் ஓர் ஓட்டு கழிந்தது. மிஞ்சியதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். எப்படியும் வீட்டு ஓட்டு ஒன்று இருக்கிறதே என்று, சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் சிரித்தபடி சொன்னார்.

அவள் கரண்டியை வைத்தாள்.

"நான் டிரைவருக்குத்தான் போட்டேன்."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். கல்யாணத்தில் இருந்து அடக்கிவைத்ததெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. "அப்பவே தெரியும்" என்றார். "உங்கப்பா விசாரிச்சதே அவனைத்தானே."

"என்ன பேசறீங்க?" அவள் கோபப்படவில்லை, களைத்துப்போன மாதிரி இருந்தாள். "எங்க பிரிவுல கூரை ஓட்டை. மழை வந்தா மெஷின் மேல கொட்டுது. ஷாக் அடிக்கும்னு பயந்துக்கிட்டே தைக்கிறோம். டிரைவர் வந்து பார்த்தாரு, செய்யறேன்னாரு. நீங்க ஊரெல்லாம் போய்க் குறை கேட்டீங்க. எங்க பக்கம் எட்டிப் பார்த்தீங்களா? வீட்டுல என்கிட்டயாவது கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லைதான். அந்தப் பிரிவு தன் பையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். அடுத்து வந்த நாட்களில் இருவரும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் பஸ் கழுவுகிற அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பெயின்டர் இன்னொரு திட்டுக்குத் தயாரானார்.

"நான் பிரஷ்ஷுக்குத்தான் போட்டேன் தம்பி. தெரிஞ்சேதான் போட்டேன்" என்றாள். அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. "கையுறை எப்ப வரும்?"

தான் தோற்றுவிட்டதாக அவர் எடுத்துச் சொன்னார். அதனால் என்ன, சொன்னது நீதானே என்றாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. அவரால்தான் அன்று வேலையில் கை வைக்க முடியவில்லை. இந்த உலகத்தில் தனக்கென்று விழுந்த ஒரே ஓட்டு, கை வெடித்து வாசலில் நிற்கிறது.

ஸ்டோர்க்காரரிடம் போனார். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே, பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். மறுபடி போனார். கதவு சாத்தியிருந்தது. மேனேஜரிடம் தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. அங்கே போய் வாய் குழறினால் அக்காவின் கையுறை போய்விடும். அப்படிக் குழறாமல் பேசுகிற ஆள் டெப்போவில் ஒருவர்தான் இருந்தார். இந்த நினைப்பு வந்ததும் பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பஸ் முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர்கள் ஓய்வறைக்குப் போனார்.

டிரைவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். மேனேஜர் அறையில் டிரைவர் பேசினார். பெயின்டர் பக்கத்தில் நின்று, வெடித்த இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். கையுறை வந்தது. வெல்டர்களுக்குக் கண்ணாடியும் சேர்ந்தே வந்தது.

டிரைவர் வாங்கிக் கொடுத்தார் என்று டெப்போ முழுக்கப் பேச்சு. பஸ் கழுவுகிற அக்காகூடக் கையுறையை மாட்டிக்கொண்டு நேரே டிரைவரிடம்தான் போய்க் காட்டினாள். பெயின்டர் ஏணியின் மேலிருந்து பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்கு வந்த எரிச்சலில் பஸ்ஸுக்கே பெயின்ட் உரிந்திருக்கும். ஆனாலும் அன்று சாயங்காலம் அவர் முதல் முறையாகத் தையல் பிரிவுக்குப் போய், அண்ணாந்து, கூரையில் எங்கெங்கே ஓட்டை என்று மனைவியிடம் கேட்டார். அவள் தையலை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அடுத்த தேர்தலில் ஸ்டோர்க்காரர் மறுபடியும் கொட்டகைக்கு நடந்து வந்தார். இந்தத் தடவை டீ வாங்கி வந்திருந்தார். பெயின்டர் டீயைக் குடித்தார், நிற்க மாட்டேன் என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே டெப்போ வாசலில் நின்று, டிரைவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். போன தடவை செய்தது மறந்துபோச்சா என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மறக்கவில்லை என்றார். இதில் என்ன சூழ்ச்சியோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர் தினமும் வந்து நின்றார். தான் கேட்டறிந்த குறைகளை எல்லாம் டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தார். டிரைவர் அதையே கூட்டத்தில் அழகாகப் பேசிக் கைதட்டு வாங்கினார். தான் சொன்னபோது இவ்வளவு கைதட்டு விழவில்லையே என்று இவருக்குப் புழுங்கியது. புழுங்கிக்கொண்டே அடுத்த குறையைக் கேட்கப் போனார்.

டிரைவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு டெப்போவைச் சுற்றினார்கள். பெயின்டரும் மனைவியும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். மேலேயிருந்து டிரைவர் இவரைப் பார்த்துக் கை நீட்டி ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. ஊர்வலம் அடுத்த கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டது.

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். மனைவி கொஞ்ச தூரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பொறாமையா இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஆமா" என்றார். "ரொம்ப."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். தையல் பிரிவுக் கூரைக்குத் தகரம் எப்போது வரும் என்று டிரைவரைவிட நீங்கள்தான் விடாமல் கேட்பீர்கள், அதனால் நாளைக்கே போய் ஞாபகப்படுத்துங்கள் என்றும் சொன்னாள். அவர் மறுநாள் காலையில், டிரைவர் செயலாளர் நாற்காலியில் உட்காரும் முன்பே போய் எதிரில் நின்றார்.